எல்வுட் பிக்கெட் உயிரோடுதான் இருக்கிறார்

எங்கள் ஆல்டர்சன் தெருவில் ஒருவருடைய முகம் சுவரில் ஏறிவிட்டால் அவர் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மளிகைக்கடைச் சுவரில் கைகோத்து நிற்கும் இரட்டைச் சகோதரிகள் தீ விபத்தில் போனவர்கள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் கூடைப்பந்தோடு சிரிக்கிறவன் பத்தொன்பது வயதில் சுடப்பட்டவன். ரயில் பாலத்தடியில் இருக்கும் பாதிரியாரைச் சர்க்கரை நோய் கொண்டுபோனது. பிலடெல்பியாவில் திரும்பின பக்கமெல்லாம் சுவர்ப்படம்தான். மற்ற பேட்டைகளுக்கு மீனும் பூவும் கிடைக்கின்றன. எங்களுக்குக் கிடைப்பது முகம்.

இந்த வழக்கம் தெரிந்திருந்தும் அதை மாற்றப் பார்த்தவள் நான்தான். என் பெயர் ஜெனீவா. இருபத்தேழு வருஷமாகத் தெருமுனையில் எங்கள் கறுப்பினப் பெண்களுக்கு முடி பின்னிவிடும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் எல்வுட் பிக்கெட்டுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எல்வுட்டுக்கு எழுபத்தொரு வயது. நகரப் பேருந்து ஓட்டியவர். ஓட்டிய காலத்திலும் குடித்தார், வேலை போன பிறகும் குடித்தார். அவர் மனைவி டோரத்தியின் சவப்பெட்டியை மூடுகிற நேரத்தில் இவர் இரண்டு தெரு தள்ளி ஒரு மதுக்கடையில் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரே மகள் வனெட்டா இடுகாட்டிலிருந்து நேராக அங்கே வந்தாள். கறுப்புக் கையுறைகளைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். "அம்மாவோட சேத்து உங்களையும் பொதைச்சிட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு சரி. நாட்டின் மறுகோடிக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. கல்யாணமாகிவிட்டது என்றும் கேள்வி. இவர் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன, பிறகு அந்த விலாசத்தில் ஆளே இல்லை என்று வந்தன.

அன்றைக்கே குடியை விட்டார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். விடவில்லை. இன்னும் எட்டு மாதம் குடித்தார். அதற்கப்புறம் ஒரு நாள் விட்டார், விட்டவர் பதினாலு வருஷமாகத் தொடவில்லை. குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தேவாலயத்தின் கீழறையில் கூடுவார்கள். மழையோ பனியோ, அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போவார். 'கைக்கு ஏதாவது வேலை கொடு' என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு 1926ஆம் எண் வீட்டை ஒட்டிய காலி மனைக்குப் போனார். அங்கே இடிந்த வீட்டின் செங்கல், பழைய டயர், கிழிந்த மெத்தை எல்லாம் ஆளுயரத்துக்குக் கிடந்தன. ஒரு வருஷத்தில் அத்தனையும் காணாமல் போயின. அதற்கப்புறமும் தினமும் காலை ஆறு மணிக்குப் பெருக்கினார். பெருக்கிவிட்டுப் புறாக்களுக்குத் தீனி போடுவார். எதிர்ச்சாரியில் 1911ஆம் எண் வீட்டில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அவருக்கு எதிரி என்று யாரும் கிடையாது. நண்பர் என்றும் பெரிதாக இல்லை, என்னைத் தவிர.

போன வருஷம் நகரத்திலிருந்து ஓர் ஓவியக் குழு வந்தது. 1926இன் பக்கச் சுவர் மூன்று மாடி உயரத்துக்கு வெறுமனே நின்றது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. என்ன வரையலாம் என்று தெருக்காரர்களைக் கேட்பது அவர்கள் முறை. தேவாலயக் கீழறையில் பொரித்த கோழியோடு கூட்டம் போட்டார்கள். ஒருத்தர் கழுகு என்றார். ஒருத்தி ஆறு என்றாள். பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்து செத்தவர்கள் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும்யா" என்று எழுந்தேன். "இந்தத் தெருவுல சுவத்துல ஏறணும்னா சாகணுமா? ஒரு தடவையாவது மூச்சு விடுற ஆளைப் போடுங்க. அதோ கடைசி வரிசையில ஒக்காந்து கோழிக்காலை உரிச்சிட்டிருக்காரே, அவரைப் போடுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்வுட்டின் வாயில் கோழி.

"என்னை விட்டுடு ஜெனீவா" என்றார் மென்றபடியே.

"நீங்க சும்மா இருங்க. மெத்தையும் டயரும் அவராவே வாரினாரா இல்லையா? கழுகு வந்து வாரிச்சா?"

சிரித்தார்கள், கை தட்டினார்கள். டயர் கடை ஹார்வி மேசையைக் குத்தி, "எல்வுட்! எல்வுட்!" என்று கத்தினான். எல்வுட் இன்னும் இரண்டு தடவை வேண்டாம் என்றார். கூட்டம் கலைகிறபோது ஓவியக் குழுவில் இருந்த ஒரு பெண்ணிடம் போய் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இது பேப்பர்ல வருமா?"

"வரும் சார். கம்ப்யூட்டர்லயும் வரும். எங்க இருந்து வேணாலும் பாக்கலாம்."

"அப்ப சரி" என்றார். அந்த 'அப்ப சரி'யின் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் படங்களை நேராகச் சுவரில் வரைவதில்லை. மெல்லிய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கோடு போட்டு எண் எழுதிக் கொடுப்பார்கள். ஒன்று என்றால் பழுப்பு, ஏழு என்றால் மஞ்சள். தெருவே உட்கார்ந்து வண்ணம் அடிக்கும். பிறகு அந்தச் சதுரங்களைப் பசை போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். எல்வுட்டின் இடது காதை அடித்தவள் நான். ஹார்வி ஒரு மூக்குத் துவாரத்தை அடித்துவிட்டு மாசக்கணக்கில் அதைப் பற்றியே பேசினான். எல்வுட் தன் முகத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லி, பூட்ஸ் இருக்கும் சதுரங்களை மட்டும் வாங்கிக்கொண்டார். இரண்டு பூட்ஸையும் நாக்கைக் கடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு சிந்தாமல் அடித்தார்.

ஜூன் மாதம் திரை விலக்கினார்கள். பழைய பேருந்துத் தொப்பி, கையில் துடைப்பம், தோளைச் சுற்றிப் புறாக்கள், தலைக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். மூன்று மாடி உயரத்துக்கு எல்வுட். பத்து வயது குறைத்து, மூக்குக் கண்ணாடியையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

"ஏம்மா, தலைக்குப் பின்னால எதுக்கு வெளிச்சம்?" என்று எல்வுட் கேட்டார்.

"காலைச் சூரியன் சார். நீங்க விடிஞ்சதும் பெருக்குறீங்கல்ல."

"இத்தனை புறாவா?"

"நீங்கதானே தீனி போடுறீங்க."

பேட்டை வார இதழில் அரைப் பக்கம் வந்தது. 'ஆல்டர்சன் தெரு, 1926ஆம் எண் வீட்டின் சுவரில்' என்று போட்டு, பதினாலு வருஷமாகக் குடிக்காதவர், தினமும் பெருக்குகிறவர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்வுட் ஆறு பிரதி வாங்கி வைத்துக்கொண்டார். யாருக்கு அனுப்ப என்று கேட்டேன். "விலாசம் இருந்தா அனுப்ப மாட்டேனா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் சுவரில் ஏறச் சம்மதித்ததே மகள் கண்ணில் படவேண்டும் என்றுதான்.

முதல் மெழுகுவத்தி ஒன்பதாவது நாள் வந்தது. சுவரின் அடியில், பூட்ஸுக்கு நேராக. அதற்கடுத்த வாரம் ஒரு கரடி பொம்மை. பிறகு பூங்கொத்து, பலூன், 'சாந்தி அடைக' என்று எழுதிய கார்டு. எங்கள் தெருக்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் சுவர் பெரிய சாலைக்குத் தெரிகிறது, பேருந்தில் போகிறவர்கள் பார்க்கிறார்கள், நாலு தெரு தள்ளி இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். வெளிச்சம், புறா, முகம். வேறென்ன நினைப்பார்கள்? அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் ஒரு மெழுகுவத்தி வைத்திருப்பேன்.

அப்புறம் இளவட்டங்கள் வந்தார்கள். செத்தவருக்காக ஒரு வாய் மதுவைத் தரையில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் புட்டியோடு அங்கேயே வைத்துவிட்டுப் போவது அவர்கள் மரியாதை. பதினாலு வருஷம் தொடாத மனிதருக்குத் தினமும் பிராந்தி ஊற்றினார்கள். காலையில் அவர் போய், தன் காலடியிலிருந்து பாதிப் புட்டிகளை எடுத்துச் சாக்கடையில் கவிழ்ப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்ப்பார். மெழுகுவத்தி, பொம்மை, பூ, கார்டு எல்லாவற்றையும் கறுப்புப் பையில் வாரிக் கட்டுவார். ஹார்வி டயர் கடை வாசலிலிருந்து கத்துவான்.

"எல்வுட்! நேத்து உங்களுக்கு ஊத்தினது ஒசத்திச் சரக்கு தெரியுமா? செத்துங்கூட உங்களுக்குக் கொடுத்து வைக்கல!"

"நீ அடிச்ச மூக்கு ஓட்டைதான் மத்தது போல இல்ல, அதைப் பாரு" என்பார் எல்வுட். ஆரம்பத்தில் அவரும் சிரித்தார்தான்.

ஆகஸ்ட்டில் சிரிப்பு நின்றது. தேவாலயத்துக்கு வந்த ஒரு வெளியூர் அம்மாள் இவரைப் பார்த்து மயங்கி விழுந்தாள். மருந்துக்கடையில் புதிதாக வந்த பெண் இவர் பெயரைக் கேட்டுவிட்டு, "இறந்தவங்க மருந்தை நீங்க வாங்க முடியாதுங்க" என்றாளாம். நான் ஓவிய அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். படத்தில் ஓர் எழுத்து சேர்ப்பதானாலும் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டுமாம், வசந்த காலத்தில் பார்க்கலாமாம். அதுவரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? ஒரு பலகை வாங்கி, 'எல்வுட் பிக்கெட் உயிரோடுதான் இருக்கிறார்' என்று பெரிதாக எழுதிச் சுவரின் அடியில் ஆணியடித்து வைத்தேன்.

மறுநாள் அதன் கீழே யாரோ 'ஆமென்' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் 'எங்கள் நெஞ்சில் என்றென்றும்' என்று வேறொரு கையெழுத்து. ஒரு வாரத்தில் பலகையைச் சுற்றிப் பதினோரு மெழுகுவத்தி. எல்வுட் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தாலாவது தேவலை.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவர் என் கடைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அங்கே இருந்தால் சுவர் தெரியாது. காப்பி குடித்துக்கொண்டு பெண்கள் பேசுவதைக் கேட்பார். யாரும் அவரைப் பார்த்துக் கத்துவதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை டீஷா என்ற பெண் முடி பின்ன வந்தாள். ஆகஸ்ட்டில் 1926ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தவள். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்யும் வேலை, முறை மாற்றி முறை. தெருவில் யாரோடும் பேச நேரமில்லை. பாதித் தலை பின்னி முடித்திருந்தேன். கதவு திறந்தது, எல்வுட் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்த டீஷா போட்ட கத்தலில் என் கையிலிருந்த சீப்பு எகிறிப்போயிற்று.

"மிஸ் ஜெனீவா! அவரு... அந்தச் சுவத்துல இருக்கிறவரு..."

"அவரேதான். கத்தாதேம்மா, பின்னல் கோணலாப் போயிடும்."

எல்வுட்டுக்கு இது பழகிப்போனதுதான். "பயப்படாதே கண்ணு. பேயா இருந்தா ஜெனீவா காப்பியைக் குடிச்சிட்டு ரெண்டாவது தடவை வருமா?" என்றார். கடையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். டீஷா சிரிக்கவில்லை.

"நீங்க சாகலையா?"

"இன்னிக்கு வரைக்கும் இல்லம்மா."

டீஷா போர்த்தியிருந்த துணியை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "ஐயோ கடவுளே, நான் அந்தம்மாவுக்கு எழுதிட்டேனே" என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "யாருக்கும்மா? என்ன எழுதினே?" என்று நான் கேட்டேன்.

குடிவந்த இரண்டாவது வாரம் அவள் வீட்டு வாசலில் ஒரு கடிதம் கிடந்திருக்கிறது. மேலே எல்வுட் பெயர், கீழே 1926 என்ற எண். பெயர் பரிச்சயமாக இருக்கவே வெளியே போய்ப் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுச் சுவரிலேயே, மூலையில், அதே பெயர்.

"எங்கண்ணன் மூஞ்சியும் அந்தப் பக்கம் ஒரு சுவத்துல இருக்கு மிஸ் ஜெனீவா. சுவத்துல இருந்தா என்னன்னு எனக்குத் தெரியாதா? உயிரோட இருக்காருன்னு பலகை வேற, எங்கண்ணன் சுவத்துலயும் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. அந்தம்மாவுக்கு விஷயம் தெரியாது போல, பாவம், சும்மா திருப்பி அனுப்பினா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு ஒரு கார்டு வாங்கி எழுதினேன். 'இவர் இப்ப இல்லீங்க. தெருவே இவர் மேல உசிரா இருக்கு. தெனமும் மெழுகுவத்தி ஏத்துறாங்க. முடிஞ்சா வந்து சுவத்தைப் பாருங்க'ன்னு எழுதி, ஃபோட்டோ ஒண்ணு எடுத்து வச்சு, அவங்க கடுதாசியையும் பிரிக்காம அதுக்குள்ளேயே போட்டு அனுப்பிட்டேன்."

எல்வுட் காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அனுப்பினது யாரு?" என்றார்.

"வனெட்டான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் வேற ஏதோ குடும்பப் பேரு. நாட்டோட அந்தக் கோடியில, டகோமாவுல இருந்து."

அவர் உட்காரவில்லை, அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். விசாரணை போல இல்லை, பசித்தவன் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கனமா இருந்துச்சா, லேசா இருந்துச்சா?"

"ரெண்டு மூணு தாள் இருக்கும் சார்."

"எம்பேருக்கு முன்னால என்ன போட்டிருந்தா?"

"மிஸ்டர்னு."

"அப்பான்னு எங்கயும் இல்லையா?"

"கவருக்கு மேல இல்ல சார். உள்ள இருந்திருக்கும்." அவள் தேம்பினாள். "கண்டிப்பா இருந்திருக்கும்."

எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. வனெட்டா கம்ப்யூட்டரில் செய்தியைப் பார்த்திருக்கிறாள். அப்பா திருந்திவிட்டார் என்று தெரிந்திருக்கிறது. படம் இருக்கிற வீடுதான் அவர் வீடு என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? எழுதியிருக்கிறாள். பதில் வந்திருக்கிறது, அப்பா இல்லை என்று. எல்லாம் ஒழுங்காக, நல்ல மனசோடு நடந்திருக்கிறது. யாரைப் பிடித்து உலுக்குவது?

டீஷா திடீரென்று அழுகையை நிறுத்தினாள். பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "சார், போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒருத்தங்க எங்க வீட்டு மணி அடிச்சாங்க. நான் டியூட்டியில இருந்தேன். வேதப் புஸ்தகம் கொடுக்க வந்தவங்கன்னு நெனைச்சு விட்டுட்டேன்" என்றாள். அவள் வாசல் மணியில் கேமரா இருக்கிறது. அழுத்தினாலும் யாராவது கடந்தாலும் படம் பிடித்துவிடும்.

நாலைந்து பேர் அந்தச் சின்னத் திரையின்மேல் குனிந்தோம். சாம்பல் நிறக் கோட்டு, நாற்பத்தைந்து வயதுப் பெண். ஒரு கையில் வெள்ளைப் பூ, இன்னொரு கையில் வெள்ளைக் கவர். மணியை அடித்துவிட்டுக் காலரைச் சரிசெய்கிறாள். "யாராவது இருக்கீங்களா? சுவத்தைப் பாக்க வந்தேன்" என்கிறாள். காத்திருக்கிறாள். பிறகு இடதுபுறம், காலி மனைப் பக்கமாகப் போகிறாள். அங்கே கேமரா எட்டாது. அப்போது மணி நாலு பன்னிரண்டு.

அடுத்த படம் நாலு ஐம்பது. அதே பெண் திரும்பி வருகிறாள். கையில் பூ இல்லை, கவர் இல்லை. மணியைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நிற்கிறாள். அடிக்காமல் போய்விடுகிறாள்.

முப்பத்தெட்டு நிமிஷம் அந்தச் சுவரிடம் என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. என் கடைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. எல்வுட் அந்த நேரத்தில் இரண்டு தெரு தள்ளித் தேவாலயக் கீழறையில் உட்கார்ந்து, தான் எப்படிக் குடியை விட்டார் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதல்லேருந்து போடும்மா" என்றார். போட்டாள். "அந்தப் பேச்சு மட்டும்" என்றார். 'யாராவது இருக்கீங்களா? சுவத்தைப் பாக்க வந்தேன்.' மூன்று தடவை, நாலு தடவை. டீஷாவின் விரல் வழுக்கிவிட்டது, படம் தானாக அடுத்ததுக்குத் தாவியது. திங்கள் காலை ஆறு ஐந்து. குளிருக்கு முக்காடு போட்ட ஒரு கிழவர், கையில் துடைப்பமும் கறுப்புப் பையும், இடதுபுறமாகப் போகிறார். ஆறு இருபதுக்குப் பை உப்பித் திரும்பி வருகிறார்.

"அந்த வெள்ளைக் கவரு..." என்று ஆரம்பித்த டீஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை எங்கள் தெருவில் குப்பை வண்டி வரும் நாள். ஏழு மணிக்கெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

"நான் எதையும் படிக்கிறதில்ல ஜெனீவா" என்றார் எல்வுட். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வேற யாரோ செத்தவனுக்கு வந்ததைப் படிக்கிற மாதிரி இருக்கும். அப்படியே வாரிப் போட்டுடுவேன்."

எங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தோம். டீஷாவுக்கு விலாசமும் நினைவில்லை, குடும்பப் பெயரும் நினைவுக்கு வரவில்லை. 'ஹா'வில் ஆரம்பிக்கும் என்கிறாள், மறுநாள் 'ஹோ' என்கிறாள். என் அண்ணன் மகள் கம்ப்யூட்டரில் தேடி டகோமாவில் மூன்று வனெட்டாக்களைப் பிடித்தாள். ஒருத்தி வெள்ளைக்காரி, ஒருத்திக்கு இருபது வயது, ஒருத்தி ஃபோனை எடுக்கவேயில்லை. அவளுக்குக் கடிதம் போட்டோம், அவளுடைய அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாகப் பதில் வந்தது. வார இதழில் ஒரு மூலையில் நாலு வரி போட்டார்கள், எல்வுட் பிக்கெட் நலமாக இருக்கிறார் என்று. செத்துப்போன அப்பாவைப் பற்றிய செய்தியை எந்த மகள் தேடிக்கொண்டிருப்பாள்? டோரத்தி பக்கத்துச் சொந்தம் யாருமே மிச்சமில்லை. டீஷா வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது சாப்பிட வாங்கி வருகிறாள். அவர் அவளிடம் ஒரு கடுமையான வார்த்தை சொன்னதில்லை. "நீ நல்லபடியாத்தானேம்மா எழுதினே" என்கிறார். அதைக் கேட்டுவிட்டு அவள் இன்னும் அழுகிறாள்.

எனக்கு என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கழுகைப் போட்டுத் தொலைத்திருக்கலாம்.

எல்வுட் பெருக்குவதை நிறுத்திவிட்டார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. காலையில் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரின் அடியில், தான் வண்ணம் அடித்த பூட்ஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். வந்தவள் இன்னொரு தடவை வரக்கூடும் என்கிறார். இப்போது எந்தப் பொருளையும் தூக்கிப்போட விடுவதில்லை. ஒவ்வொரு கார்டையும் பிரித்துப் படிக்கிறார். பொம்மையும் மெழுகும் முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் போவதில்லை. அந்த நாலு மணியை விட்டுவிட்டு எங்கேயும் நகரமாட்டேன் என்கிறார்.

புட்டிகளைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேன். கடை சாத்தும்போது ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி வந்துவிடுவேன். ஒரு நாள் போவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவர் மடியில் ஒரு புட்டி இருந்தது. மூடி திறக்கவில்லை. மேலே ஒட்டியிருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கொண்டுபோயிடு ஜெனீவா" என்றார், என்னைப் பார்க்காமல். "நாளைக்குச் சீக்கிரமா வா."

இந்த ஊர்க் குளிருக்கு நவம்பரில் வெளியே உட்காருவது பைத்தியக்காரத்தனம். சொல்லிப் பார்த்தேன். ஹார்வி சொல்லிப் பார்த்தான், பிறகு பேசாமல் ஒரு பழைய தார்ப்பாயை மேலே கட்டிக்கொடுத்தான். இப்போது அவன் மூக்கைப் பற்றிப் பேசுவதில்லை. எல்வுட் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டு, தாடியும் வளர்ந்து, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே அவருடைய முகம் தெளிவாக இருக்கிறது. கீழே இருப்பவரை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

போன வாரம் நான் சூடாக சூப் கொண்டுபோனபோது, எங்கிருந்தோ சுவர்ப்படம் பார்க்க வந்த ஓர் அம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் சின்னப் பூங்கொத்து. அதை மெழுகுவத்திகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, சுவரை அண்ணாந்து பார்த்தாள், பிறகு எல்வுட்டைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல மனுஷனா இருந்திருப்பாரு இல்லீங்களா? நீங்க அவருக்குச் சொந்தமா?"

போன கோடையாக இருந்தால், 'நான்தாம்மா அது' என்று தொப்பியைக் கழற்றியிருப்பார். இப்போது கழற்றவில்லை.

"அவரோட பொண்ணு வருவா. அதுக்குத்தான் ஒக்காந்திருக்கேன்" என்றார்.

அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ பாவம். அப்பாவைப் பத்தி அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றார் எல்வுட்.

அவள் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் சூப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னேன்.